எட்டு வீடுகளில் தெரிந்த சோபா

தோஹா தொழில்பேட்டையில், எங்கள் தொழிலாளர் கேம்ப் ஆபீஸில் ஒரு பழுப்பு நிற சோபா உண்டு. பக்கத்தில் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி. வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு. வாட்ச்மேன் எங்களுக்காகக் கதவைத் திறந்துவிடுவார். ஆளுக்குப் பத்து நிமிஷம். குளித்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடி ஊருக்கு வீடியோ கால் பேசுவோம். எங்கள் ரூமில் எட்டுப் பேர். எட்டு வீட்டிலும் அந்தச் சோபா எங்களுடையது என்று நம்புகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "அப்பா, போனைத் திருப்புங்க. எதுத்தாப்புல என்ன இருக்குனு பாக்கணும்."

எதிரே என்ன இருந்தது? என் பத்து நிமிஷம் எப்போது முடியும் என்று நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "சிக்னல் இல்லடா தங்கம்" என்று சொல்லி கட் பண்ணிவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் போனுக்கு வரவே இல்லை. ஒரு வருஷம். "பாப்பா எங்க?" என்று வாராவாரம் கேட்பேன். டியூஷன் போயிருக்கா, தூங்குறா என்று என் மனைவி ஏதாவது சொல்லுவாள். லீவுக்கு இன்னும் எட்டு மாசம் கிடந்தது. பள்ளிக்கூட குரூப் போட்டோவை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி அவள் முகத்தைத் தேடுவேன். அந்தக் குரலைக் கேட்க மாட்டோமா என்று ஏங்கிப் போனேன். வேலையில் சின்ன விஷயத்துக்கெல்லாம் யாரிடமாவது எரிந்து விழுவேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு மேல்கட்டில் உத்தரப்பிரதேசத்துக்காரர் போனில் யாரோ ஒரு இந்தி டைரக்டரின் பேட்டியைச் சத்தமாக வைத்திருந்தார். நாங்கள் அவரை 'பாய்' என்போம்; சினிமாப் பைத்தியம். என் இந்தி கட்டட சைட்டில் கற்றது, 'ஜல்தி' 'அச்சா'வோடு சரி. அவர்தான் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னார்.

கேமராவை எங்கே வைக்கிறோமோ, அங்கேதான் நம் நியாயமும் நிற்கிறதாம். பங்களாவைக் காட்டுகிறோம், அதைக் கட்டியவன் ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறான். சமூகமும் அப்படித்தான் ஆளை ஒதுக்கிவிட்டு அழகு பார்க்கிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, இவரு பெரிய இவரு! ஜூன் மாச வெயில்ல வந்து ஒருநாள் எங்ககூட டூட்டி பாக்கச் சொல்லுங்க பாய், அப்ப தெரியும்."

பாய் சிரித்துவிட்டு, டைரக்டர் அடுத்துப் பேசியதைச் சொன்னார். பார்ப்பவர்களை ஏமாற்றிவிட்டதாக நாம் நினைக்கிறோம். எதை மறைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். மரியாதைக்காகச் சும்மா இருப்பார்கள். குழந்தைகளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. எழுந்து போய்விடும்.



அன்றைக்கு நான் சோபாவுக்குப் போகவில்லை. பனியனோடு ரூமில் நின்றபடியே வீட்டுக்குக் கூப்பிட்டேன். எப்போதும்போல அந்தப் பச்சைச் சுவருக்கு முன்னால் என் மனைவி.

"என்னங்க, சட்டை போடல?"

போனைத் திருப்பினேன். இரண்டடுக்குக் கட்டில்கள், கொடியில் ஈரத்துணி, மூலையில் ரைஸ் குக்கர். மேலிருந்து பாய் கையாட்டினார்.

"இதுதாம்மா நம்ம ரூமு. அந்தச் சோபா ஆபீஸோடது."

"தெரியும்ங்க. கீழத்தெருக்காரரும் அதே சோபாவுல உக்காந்துதான அவங்க வீட்டுக்குப் பேசுறாரு."

கீழத்தெருக்காரன் எங்கள் ஊர்தான், இங்கே என் பக்கத்துக் கட்டில். அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரே சோபாவைக் காட்டியிருக்கிறோம்!

"கொஞ்சம் இருங்க" என்று அவளும் தன் போனைத் திருப்பினாள்.

பச்சைச் சுவருக்கு எதிரே, தரையில், மடியில் நோட்டோடு என் மகள். இரட்டைச் சடை. கன்னம் வற்றி, முகம் நீண்டிருந்தது.

"வாராவாரம் இங்கனதான் உக்காந்திருக்கா" என்று மனைவியின் குரல் மட்டும் வந்தது. "நீங்க பேசுறத ஒண்ணு விடாம கேப்பா. இருக்கான்னு சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

பாப்பா எங்க, பாப்பா எங்க என்று நான் கேட்ட அத்தனை வெள்ளிக்கிழமையும் அவள் நாலு முழத் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

மகள் நோட்டை மூடி வைத்துவிட்டு ரூமை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க மேல் கட்டிலா, கீழ் கட்டிலா?"

"கீழ, தங்கம்."

"அப்ப அதுல உக்காருங்க. நான் பாக்கணும்."

உட்கார்ந்தேன்.