மறந்தவர்களும் தங்கியவர்களே

போனவர்களை எண்ணுவதுதான் என் சித்திக்கு வேலை. செத்துப்போனவர்களை அல்ல, சந்தாவை நிறுத்திவிட்டுப் போனவர்களை. வீட்டிலிருந்தபடி கைபேசியைப் பார்த்து உடற்பயிற்சி செய்யும் வகுப்புகளை மாதச் சந்தாவுக்கு விற்கிற நிறுவனம் அது. மாதத் தொடக்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் மிஞ்சினார்கள் என்று சித்தி கணக்குப் போட்டுக் கொடுப்பாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் மிஞ்சினார்கள். மேலாளர் அந்த எண்ணை ஆளுயரத்துக்குச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஏதோ தொண்ணூற்றேழு பேரையும் அவரே பெற்று வளர்த்த மாதிரி.

சித்திக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தங்கியவர்களில் எத்தனை பேர் வகுப்பைத் திறந்து பார்க்கிறார்கள் என்று ஒருநாள் துருவினாள். பாதிக்கு மேல் மாதக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில் சித்தப்பாவும் ஒருவர். ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை என்று சேர்ந்தவர், முதல் நாள் குனிந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதோடு சரி.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "சார், இவங்க நம்மகிட்ட தங்கல. நம்மள மறந்துட்டாங்க."

"நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தல."

"அப்ப தங்கிட்டாங்க. நடுவுல புதுசா ஒண்ணக் கண்டுபிடிக்காதீங்கம்மா."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேலாளருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. வகுப்புக்கே வராமல் சந்தா கட்டுகிறவர்களுக்கு மேல் விசுவாசிகள் உண்டா? அவர்களுக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்.

"வேணாம் சார், நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"நன்றி சொன்னா யாராவது கோச்சுக்குவாங்களா?"

காலையில் மின்னஞ்சல் போனது. 'எங்களைப் பிரியாத அன்பரே' என்று ஆரம்பம். மதியத்துக்குள் அன்பர்கள் சாரிசாரியாகப் பிரிந்தார்கள். சித்தப்பா அலுவலகத்துக்கே போன் போட்டார்.

"ஏம்மா, இதுக்கு இன்னுமா மாசாமாசம் பணம் போகுது? எங்க அமுக்கினா நிக்கும்?"

"ஆபீஸ்ல இருக்கேங்க. என்கிட்டயா கேக்கறீங்க?"

"சரி விடு, கண்டுபிடிச்சிட்டேன்."

சித்தி பெருமூச்சு விட்டு, போனவர்கள் கணக்கில் தன் புருஷனையும் சேர்த்துக்கொண்டாள்.

மேலாளர் அசரவில்லை. தப்பு மின்னஞ்சலில் இல்லை, நிறுத்தும் பொத்தானில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தூக்கிவிட்டார். இனி நிறுத்த வேண்டுமானால் போன் செய்து பேச வேண்டும். பேச உட்கார வைக்கப்பட்டவள் சித்தி. என்ன பேசுவது என்று அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். காரணம் கேள், வருத்தப்படு, மறுபடி காரணம் கேள், ஒரு மாதம் இலவசம் என்று ஆசை காட்டு.

கொஞ்ச நாள் தாளில் இருந்ததையே ஒப்பித்தாள். அப்புறம் ஒரு அம்மா கூப்பிட்டார்கள்.

"என் வீட்டுக்காரர் பேர்ல இருக்குது. அவர் தவறிட்டாரு."

தாளின் அடுத்த வரி: 'பயிற்சியை மீண்டும் எப்போது தொடர விருப்பம்?'

சித்தி தாளைக் கவிழ்த்து வைத்தாள். "மன்னிச்சுக்கங்கம்மா. நிறுத்திட்டேன். இனிமே பணம் போகாது." அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு, உடனே வைக்காமல் கொஞ்ச நேரம் அழுதார்கள். சித்தியும் வைக்கவில்லை.

அதன் பிறகு அவள் தாளை நிமிர்த்தவே இல்லை. யார் கூப்பிட்டாலும், "நிறுத்தணுமா? நிறுத்தியாச்சு, நல்லா இருங்க." அவ்வளவுதான் பேச்சு. போகிறவர்கள் மனம் குளிர்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வருடக் கடைசியில், வாடிக்கையாளர் திருப்திக்கான விருது சித்திக்கே கிடைத்தது. மேலாளர் மேடையில் கண்ணாடிக் கோப்பையை நீட்டி, "எப்படிம்மா அவங்க மனசப் புடிச்சீங்க?" என்று கேட்டார்.

"கேட்டதக் குடுத்தேன் சார்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அப்படி என்னதான் கேட்டார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் தோன்றியதும், சித்தியின் நாற்காலியில் பதிவு செய்த குரல் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அலைய விட்டது. அலுத்துப்போய் வைத்தவர்களெல்லாம் தங்கியவர்கள் ஆனார்கள். மேலாளருக்குப் பதவி உயர்வு.

சித்தி வேலையை விட்டுவிட்டாள். இப்போது வீடுகளுக்குக் குடிதண்ணீர் கேன் போடும் இடத்தில் கணக்குப் பார்க்கிறாள். சம்பளம் குறைச்சல் என்று சித்தப்பா முணுமுணுக்கிறார். அங்கேயும் மாதச் சந்தாதான், அங்கேயும் யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

"அங்க தலைவலி இல்லையா சித்தி?" என்றேன்.

"என்ன தலைவலி? காலி கேன் வந்தா ஆள் இருக்காங்க. தண்ணி குடிக்க யாரும் மறக்கறதில்லப்பா."