கொழும்பு வீட்டுப் பாம்புகள்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ன பேச்சு, உண்மைதான். ஒன்பது வயதில், திருவிதாங்கூர் கரமனையில் எங்கள் தெருவில் என்னைப் போலத் தமிழ் எழுத ஆளில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. ஆகவே வீட்டுக் கடிதமெல்லாம் என் கையால்தான் போகும். அந்தக் கையை வைத்துத்தான் அம்மா கொழும்பில் ஒரு வீடு வாங்கினாள்.

நாகர்கோவில் பக்கம் அம்மாவின் பங்குக்கு வந்த வயலை விற்ற பணம் அப்போது அவள் கையில் இருந்தது. நகையாக்கினால் கள்ளன் கொண்டுபோவான், அப்பாவிடம் கொடுத்தால் அப்பாவின் தம்பிகள் கொண்டுபோவார்கள் என்று அவளுக்கு உறுதி. நிலமோ வீடோ, தன் பேரில் ஒன்று வேண்டும் என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து மாமாவின் கடிதம் வந்தது. மாமா அம்மாவின் தம்பி, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறது, சொந்தக்காரர் ஊர் திரும்புகிறார், குடியிருப்பவர்களைக் காலி செய்து வெறும் வீடாகவே தந்துவிடுவார், பிறகு நாம் கூடுதல் வாடகைக்கு விடலாம் என்று எழுதியிருந்தார்.

அப்பா சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா. விடுவாரா? மூலப் பத்திரம் சுத்தமா, நாலெல்லை என்ன, வேற்றுநாட்டுப் பெண்பிள்ளை பேரில் அங்கே பதிய முடியுமா என்று மனு எழுதுகிற மாதிரி நம்பர் போட்டுக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டே பதில் வந்தது. அப்பாவுக்குப் பரம திருப்தி. அம்மாவுக்குத்தான் திருப்தி வரவில்லை.

"நாலெல்லையையா குடிக்கப் போறோம்? கெணத்துத் தண்ணி எப்பிடின்னு ஒருத்தரும் கேக்கல்லியே!"

"அதுக்குக் கப்பலேறிப் போயிப் பாக்கணும். போறியா?"

"நான் எதுக்குப் போணும்? அங்க அடுப்பு எரிக்க ஒருத்தி இருக்காள்லா, அவகிட்ட கேட்டாத் தீந்துது."

அன்று மத்தியானமே நான் மசிக்குப்பியும் தாளுமாக உட்கார்ந்தேன். அம்மா சொல்லச் சொல்ல, அவள் பேச்சைக் கடிதத் தமிழாக மாற்றி எழுதினேன். 'மகாஸ்ரீ அம்மாள் அவர்களுக்கு. தாங்கள் குடியிருக்கும் வீட்டை நான் வாங்குவதாக இருக்கிறேன். மழைக்கு ஒழுகுமா, கோடையில் கிணறு வற்றுமா, அக்கம்பக்கம் எப்படி என்று ஒரு பெண்பிள்ளையிடம் இன்னொரு பெண்பிள்ளை கேட்பதாக நினைத்து உண்மையை எழுத வேண்டியது.' பெயர் தெரியாததால் கதவு நம்பரைப் போட்டு 'வீட்டு அம்மாள்' என்று விலாசம் எழுதினேன். உள்ளூருக்கு என்றால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்த அஞ்சலே போதும். கடல் தாண்டுகிற கடிதத்துக்கு இங்கிலீஷ் தபாலாபீஸ் போக வேண்டும். அந்தப் பெருமையை விட்டுக்கொடுப்பேனா? நானே ஓடிப்போய்ப் போட்டேன்.

பதில் வந்தது. மூன்று தாள், இரண்டு பக்கமும். கையெழுத்து என் காலில் விழ வேண்டும், அப்படி ஒரு கோணல். அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் உரக்க வாசித்தேன்.

மழை வந்தால் அடுக்களையில் முழங்கால் தண்ணீராம். கிணறு தை மாதமே வற்றுமாம், வற்றாத நாளில் நாறுமாம். பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு வெட்டுக்குத்தாம். பின்கட்டில் போன மாதம்கூட இரண்டு பாம்பு அடித்தார்களாம், அடிக்காமல் விட்டது எத்தனையோ. மாடிப்படியில் வெள்ளிக்கிழமைதோறும் யாரோ அழுகிற சத்தம் கேட்குமாம். கடைசியில் இப்படி: 'இவ்வளவு சொல்லியும் வாங்குவதானால், கிணற்றடியில் நிற்கும் மல்லிகைக்கு விடியற்காலையில் மட்டும் தண்ணீர் விடவும். அந்தியில் விட்டால் மொட்டு உதிர்ந்துபோகும்.'

மாடிப்படி வந்தபோதே அம்மாவை ஒட்டி நகர்ந்துகொண்டேன். நாங்கள் எல்லாரும் கொழும்புக்கே குடிபோகப் போகிறோம் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம்மா, வாங்காதே என்று அழுதேன். அப்பா கை கழுவிக்கொண்டே, "நல்ல காலம், தப்பிச்சோம். விட்டுத் தள்ளு," என்றார்.

அம்மா சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"கெணறு நாறுமாம், தை மாசமே வத்துமாம். அந்தத் தண்ணியில மல்லிகை மொட்டு விடுகாம்! பின்கட்டு நெறைய பாம்பாம், விடியுமுன்ன இவ அங்க செம்பும் கையுமாப் போறாளாம்! எட்டீ, பிடிக்காத வீட்டப் பத்தி எவளாவது மூணு தாள் எழுதுவாளா? இது நல்ல வீடு கேட்டோ. நான் வாங்குகேன்."

பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த தாளை வாங்கி, கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயோ, நானில்லா போயிச் சொல்லிப்போட்டேன்," என்றாள்.

"என்னதும்மா? யார்ட்ட?"

"ஒண்ணுமில்ல. நீ மசிக்குப்பிய எடு."

அடுத்த கடிதம் நாலே வரி. 'வீட்டை வாங்குகிறேன். தாங்கள் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பாம்புள்ள வீட்டுக்கு முழு வாடகை வாங்குவது பாவம். பாம்பு போகிறவரை பாதி கொடுத்தால் போதும்.'

அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். "பாம்பு உண்டுன்னா வீட்ட ஏன் வாங்குக? இல்லைன்னா வாடகைய ஏன் கொறைக்க?"

"எழுதினவளுக்கு மனசிலாகும்," என்றாள் அம்மா.

எனக்கும் மனசிலாகவில்லை. மாமாவுக்கு அறவே இல்லை. பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்டு எழுதினார். அம்மா கண்டுகொள்ளவில்லை. பத்திரம் அவள் பேரில் பதிவாயிற்று. வருஷம் ஒரு தடவை, பொங்கலை ஒட்டிக் கொழும்பிலிருந்து அந்தக் கோணல் கையெழுத்து வரும். முதல் வருஷம், பாம்பு சற்றுக் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது என்று வந்தது, வாடகை கொஞ்சம் கூடிற்று. மறு வருஷம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மூன்றாம் வருஷம் அதுவும் போய்விட்டது, இனி முழு வாடகை என்று எழுதியிருந்தாள். "கெட்டிக்காரி," என்று அம்மா கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு மேல் பலகையில் வைத்தாள். கடலுக்கு அக்கரையில் ஒருத்தி சொன்ன பொய்யை எங்கள் அம்மா அடுக்களையில் இருந்தபடியே கண்டுபிடித்த கதையை நான் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

கல்யாணமாகி வஞ்சியூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். ஆறு வருஷம். பின்னால் நானே கால் நட்டுப் பந்தல் போட்டு ஒரு பாகற்கொடி ஏற்றியிருந்தேன். ஒரு நாள் காலையில் குடை பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வந்தாள். நல்ல மரியாதைக்காரி. உட்காரச் சொல்லியும் உட்காராமல், சிரித்த முகத்தோடு மலையாளத்தில் கேட்டாள்: மழைக்கு இந்த வீடு ஒழுகுமா? கோடையில் கிணறு வற்றுமா?

வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"பாம்புண்டு," என்றேன். "பொறகில நெறைய உண்டு."

அவள் பாகற்பந்தலை ஒரு தடவை பார்த்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை, சிரிக்கவும் இல்லை. வரட்டுமா என்று கேட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒன்பது வயதில் முத்து முத்தாக நான் எழுதி, நானே ஓடிப்போய்த் தபாலில் போட்டது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.