கத்திப் பேசும் வீட்டில் ஒரு காது

ஞாயிறு காலை எட்டு இருபது. சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரம். என் மனைவி ஸ்டெல்லா, மகள் ஷைனிக்கு வலது பக்கப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் தங்கை போன் செய்தாள். போனை ஷைனியின் இடது காதில் வைத்தேன்.

“கட் ஆயிடுச்சிப்பா” என்றாள் ஷைனி.

ஆகவில்லை. “ஷைனி... அத்தை பேசறேன்டி” என்று தங்கை கூப்பிடுவது, போனைப் பிடித்திருந்த எனக்கே கேட்டது!

எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு காது கேட்கவில்லை என்பது பெற்றவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை... கத்துவோம். என் அப்பா சுரங்கத்தில் டிரில் பிடித்தே காதைத் தொலைத்தவர். அவருக்காகக் கத்திக் கத்தி, அவர் போன பிறகும் அதுவே எங்கள் குரலாகிவிட்டது. எங்கள் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் பாதி வீடுகள் இப்படித்தான்.

“இன்னா சார், காலையிலயே சண்டையா?” என்பார் எதிர்வீட்டுக்காரர்.

“இல்லீங்க, இன்னொரு இட்லி வேணுமான்னு கேக்கறா!”

ஷைனி “இன்னா?” என்றால் இன்னும் உரக்கச் சொல்வோம். கேட்டுவிடும். காதில் சீழ் வடிந்தபோது? சளிதானே என்று பஞ்சு வைத்தோம்.

சத்தம் நிறைந்த இடத்தில் ஒரு குறை ஒளிந்துகொள்வது எத்தனை சுலபம்!

பெங்களூரு டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். செவிப்பறை உள்ளே இழுபட்டு, நடுக்காதில் தோல் வளர்ந்து, சத்தத்தை உள்ளே கடத்தும் குட்டி எலும்புகளை அரித்துக்கொண்டிருந்தது. மருந்துக்குப் போகாது, ஆபரேஷன்தான். விட்டால் மூளை வரைக்கும் போகும் என்றார்.

காதுக்குப் பின்னால் முடியை மழித்து அழைத்துப் போனார்கள். தியேட்டர் வாசலில் ஷைனி திரும்பினாள்.

“அப்பா, இனிமே இந்தக் காதுலயும் அத்தை பேசறது கேக்கும் இல்ல?”

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

வெளியே பெஞ்சில் நானும் ஸ்டெல்லாவும் — கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் முறையாக — கிசுகிசுத்தோம்.

“கேக்குமாங்க?”

“கேக்கும்.”

“சும்மா சொல்லாதீங்க.”

அதற்குப் பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவழியாக டாக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

“நோயை எடுத்துட்டோம். குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆனா, உள்ள எலும்பு எதுவும் மிச்சமில்லை. அடுத்த வருஷம் இன்னொரு தடவை திறந்து பார்க்கணும். கேட்கிறதைப் பத்தி மட்டும் இப்போ எதுவும் கேட்காதீங்க.”

கேட்கவில்லை.