பொழிமுகத்துச் சிவப்புக் கோடு

கடத்துக்காரன் ராஜையனை ஊரில் யாரும் எந்தக் காரியத்துக்கும் நம்புவது கிடையாது. அவனுடைய வள்ளத்தில் ஏறுவதற்கு மட்டும் நம்புவார்கள், அதுவும் நீந்தத் தெரியாததால். இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, காயலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போக அவனுடைய வள்ளம் ஒன்றுதான். நடுக்காயலில் கழியை ஊன்றிக்கொண்டு, "அய்யோ, அடிப்பலகையில ஓட்டை!" என்று கத்துவான். வள்ளத்தில் இருக்கும் பெண்கள் கர்த்தரையும் வைகுண்டரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார்கள். எல்லாத் தெய்வமும் வந்து சேர்ந்த பிறகு, "போன வருசம் இருந்துது. அடச்சாச்சு" என்பான்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு அவன் படிப்பு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பைக்குள் உயிரோடு ஒரு நண்டைப் போட்டான். உபதேசியார் பைக்குள் கைவிட்டார். நண்டு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் கூடவே போனது. "ஊரே செல்லாக்காசு போட்டப்ப, நான் ஒருத்தன்தான் உசிரோட ஒண்ணு குடுத்தேன்" என்று ராஜையன் நியாயம் சொன்னான். நியாயம் எடுபடவில்லை. அன்றிலிருந்து அவன் நண்டு ராஜையன்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. தெரிந்தால் ஊர் அவனைச் சிரித்தே கொன்றிருக்கும். மாலையில் கடைசி ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கடலோரப் பொழிமுகத்துத் தாழங்காட்டு ஓரமாக வந்ததும், கழியால் வள்ளத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். தாழை வேருக்குள்ளிருந்து ஒரு சீட்டி கேட்கும். தட்டையான தலை ஒன்று தண்ணீருக்கு மேல் வரும். மீசையில் நீர் சொட்டச் சொட்ட அவனை மேலும் கீழும் பார்க்கும். ஞாயிறு பள்ளியில் போதகரின் மனைவி பிள்ளைகளின் நகத்தைச் சோதிக்கிற அதே பார்வை. போதகரின் மனைவியை ஊர் கொச்சம்மை என்று அழைக்கும். ராஜையன் அந்த நீர்நாய்க்கும் அதே பெயரை வைத்தான்.

"இந்தா கொச்சம்மே, காணிக்கை" என்று ஒரு மீனை எறிவான். அது மல்லாந்து கிடந்து, இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து தின்னும்.

வீட்டில் மீன் குறைவதை நேசம்மாள் கண்டுபிடித்தாள்.

"கேட்டியளா, நாலு மீன் இருந்தது. மூணுதான் இருக்கு."

"பூனை எடுத்திருக்கும்."

"நம்ம வீட்டுல பூனையே இல்லியே."

"அதான் சொல்லுகேன். இருந்தா நாலையும் எடுத்திருக்குமாக்கும்."

காயலில் வலை வீசுகிற மரியானுக்கு நீர்நாய் என்ற சொல்லே ஆகாது. வலையைக் கிழித்து மீனை எடுத்துவிடுகிறது என்று, பார்க்கிற இடத்தில் அடித்துக் கொல்லத் துடுப்போடு அலைந்தான். "லே ராஜையா, நீ நாள் முச்சூடும் வெள்ளத்துலதானே கெடக்கே. அதுக்க வளை எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று கேட்டான். ராஜையன் குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் சொல்கிறவனைப்போல மேற்குக் கரையைக் காட்டினான். மரியான் அங்கே பதுங்கிப் பதுங்கிப் போய், கயிறு வியாபாரி முத்துநாயகம் தேங்காய் மட்டை அழுகப் போடுகிற தொண்டுக்குழியில் கழுத்துவரை இறங்கினான். ஒரு வாரம் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அந்த நாற்றம்தான் இந்தக் கதையின் மீதியும்.

தேங்காய் மட்டையை அங்கே தொண்டு என்பார்கள். அதைக் கயிறாகத் திரிக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் தண்ணீரில் அழுகப் போட வேண்டும். அழுகுகிற தண்ணீர் மை மாதிரிக் கறுத்துவிடும். அதில் மீன் நிற்காது. முன்பு கரையோரம் ஒன்றிரண்டு குழிகள்தான். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டில் சர்க்கார் மேற்குக் கரை முழுவதையும் முத்துநாயகத்துக்குத் தொண்டுக் குத்தகையாகக் கொடுத்தது. குழிகள் பெருகின. ஊரில் பாதிப் பெண்களுக்கு அங்கே தொண்டு அடிக்கிற வேலை கிடைத்தது. நேசம்மாளும் போனாள். சோறு பிசைகிற கையிலும் அந்த நாற்றம் வந்தது. சோறும் அந்தக் கையால்தான் வந்தது. ஆகவே ராஜையன் அதைப்பற்றி வீட்டில் தமாஷ் பண்ணுவதில்லை. அவன் தமாஷ் பண்ணாமல் விட்ட விஷயங்கள் மிகவும் குறைவு.

கறுப்புத் தண்ணீர் போவதற்கு ஒரு வழி இருந்தது. காயல் கடலைத் தொடுகிற இடத்தைப் பொழி என்பார்கள். வருடத்தில் பாதி நாள் அலை மணலைக் கொண்டுவந்து அதை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் காயல் ததும்பும்போது ஊர்கூடி மணலில் ஒரு கால் அகலத்துக்குச் சால் வெட்டிவிடும். மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இரைச்சலோடு மணலை உடைத்துக்கொண்டு போய், ஒரு வருட அழுக்கையும் கடலில் தள்ளிவிடும்.

ஆனால் நினைத்தபோது வெட்ட முடியாது. காயலுக்குள் நீர்மட்டம் பார்க்க மரத்தில் ஒரு அளவுக்குற்றி நட்டிருந்தார்கள். அதில் சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால்தான் மராமத்து ஓவர்சியர் உத்தரவு கொடுப்பார். ராஜையனின் அப்பா காலத்துக் கோடு அது. அதற்குப் பிறகு மலையில் அணை கட்டி, கால்வாய் வெட்டி, மழைவெள்ளத்தை வேறு வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆறு மெலிந்தது. கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு வருடமாகத் தண்ணீர் அதைத் தொடவில்லை. இரண்டு வருடமாகப் பொழி முறிக்கவில்லை.

ஓவர்சியர் அக்கரைக்குப் போக வள்ளத்தில் ஏறினார். ராஜையன் அன்று ஓட்டை என்று கத்தவில்லை.

"ஏமானே, அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாத்தி வரையப்பிடாதா?"

"கோடு மேலே இருந்து வந்ததாக்கும். நான் வரைஞ்சதா?"

"வெள்ளமும் மேல இருந்துதான் வரணும். அது வரல்லியே."

"அப்போ மழை பெய்யட்டும்."

"மழை பெய்யுது ஏமானே. அணையில நிக்குது."

"அணை வேற டிப்பார்ட்மெண்ட்" என்றார் ஓவர்சியர். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

புரட்டாசியில் மேற்குப் பக்கம் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. உயிரோடு இருந்தவையெல்லாம் கிழக்கே, பொழிமுகத்தில் எஞ்சியிருந்த தெளிந்த தண்ணீருக்கு ஓடிவந்து அடைந்தன. மரியானுக்குக் கொஞ்ச நாள் வலை நிறைய நல்ல பாடு. "பாத்தியா, நல்ல காலம் வந்துது!" என்று பூரித்தான். ராஜையன் மேற்கே பார்த்தான். கறுப்பு தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கழியை ஊன்றி எடுக்கும்போதெல்லாம் அது தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தாழை வேருக்குள் வேறொரு சத்தம் கேட்டது. கீச்சுக் கீச்சென்று, நனைந்த கோழிக்குஞ்சு கத்துவதுபோல. கொச்சம்மை குட்டி போட்டிருந்தாள். இரண்டு. கண்ணே திறக்காதவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? மேற்கே கறுப்பு, தெற்கே மணல்மேடு, அதற்கு அப்பால் அலை.

"கவலப்படாதே கொச்சம்மே" என்றான் ராஜையன். "குற்றிக்கு நான் புத்தி சொல்லுகேன்."

அறுப்பின் பண்டிகை வந்தது. ஊர் முழுக்க ஆலயத்தில். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கியதும் ராஜையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். வள்ளத்தில் கொட்டாப்புளி, கனத்த மரச்சுத்தியல், தயாராக இருந்தது. ஆலயம் கரையில்தான். ஏலம் கூறுகிறவரின் குரல் தண்ணீருக்கு மேலே தெளிவாக வந்தது.

"வாழைக்குலை! ஒருதரம்..."

குற்றியின் தலையில் ஒரு அடி.

"ரெண்டுதரம்..."

இன்னொரு அடி.

"மூணுதரம்!"

வாழைக்குலைக்குப் பிறகு சேவல், சேவலுக்குப் பிறகு இளநீர்க்குலை. ஒவ்வொன்றும் ஏலம் போகப் போகக் குற்றி சேற்றுக்குள் இறங்கியது. சிவப்புக் கோடு ஒரு சாண் இறங்கித் தண்ணீரை முத்தமிட்டது. ராஜையன் ஓடிப்போய், யாரும் கேட்காத ஒரு பூசணிக்காயைச் சத்தம் போட்டு ஏலத்தில் எடுத்தான். அவன் ஆலயத்தில்தான் இருந்தான் என்பதற்கு அந்தப் பூசணிக்காய் சாட்சி. தன் புத்தியை நினைத்து வழியெல்லாம் சிரித்தான். நேசம்மாள் பூசணிக்காயைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஓவர்சியர் வந்து கோட்டைப் பார்த்தார், தொட்டும் பார்த்தார். நனைந்திருந்தது. "முறிச்சோ" என்று உத்தரவு கொடுத்தார்.

மேட்டுத்தெரு விவசாயிகள் தேங்காய் உடைத்தார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணினார். முதல் மண்ணைக் கடத்துக்காரன் வெட்டுவது வழக்கம். ராஜையன் வெட்டினான். சால் கடலைத் தொட்டதும் எல்லாரும் இரைச்சலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

இரைச்சல் வரவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் நழுவிப் போனது. பின்னாலிருந்து தள்ளுவதற்கு மழைவெள்ளம் இல்லை. மணலை உடைக்க வலுவில்லாமல், மேலாக நின்ற தெளிந்த தண்ணீர் மட்டும் வடிந்தது. மறுநாள் கடல் இரண்டு அலை புரட்டி மணலைப் போட்டு வெட்டிய இடத்தை மூடிவிட்டது, ஒரு பிள்ளை விளையாட்டாகத் தோண்டிய குழியை மூடுவதுபோல.

தெளிந்த தண்ணீர் இருந்த இடத்துக்கு மேற்கேயிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது. இழுத்துவிட்டது ராஜையன் வெட்டிய சால்தான். ஆற அமர வந்திருக்க வேண்டியது ஒரே நாளில் வந்தது. மீன்கள் ஒதுங்கியிருந்த கடைசி இடமும் போயிற்று. விடிந்தபோது காயல் வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாம் மீன்களின் வயிறு. காக்கைகூடத் தின்னவில்லை.

ராஜையன் தாழங்காட்டுக்குப் போனான். வள்ளம் சேற்றில் தட்டி நின்றது, இறங்கி நடந்தான். தண்ணீருக்குள் மறைந்திருந்த வளையின் வாய் இப்போது ஊரறியத் திறந்து கிடந்தது. அதன் முன்னால் கறுத்த சேற்றில், கறுப்பு நீரில் ஊறிய குட்டிகள் இரண்டும் கிடந்தன. ஒன்று அசையவில்லை. மற்றது அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசையாமல் போனது. கொச்சம்மை உடம்பெல்லாம் கறுத்த சேறு அப்ப நின்று, ஒன்றை மூக்கால் தள்ளினாள், பிறகு மற்றதைத் தள்ளினாள், பிறகு மறுபடி முதலாவதை.

அவன் வீட்டிலிருந்து எடுத்துவந்த கருவாட்டை எறிந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் சேற்றில் காலடி. மரியான், கையில் துடுப்போடு. ராஜையன் குறுக்கே போகவில்லை, போகத் தோன்றவில்லை. மரியான் வளையைப் பார்த்தான், குட்டிகளைப் பார்த்தான். துடுப்பைச் சேற்றில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"இங்கயா லே இருந்துது?"

"இங்கதான்."

"அன்னிக்கு மேக்கன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

மரியான் ஒதுங்கி வழிவிட்டான். கொச்சம்மை சேற்றில் வயிறு இழைய மணல்மேட்டுப் பக்கம் போனாள். ஒரு தடவை சீட்டியடித்தாள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஓவர்சியர் விசாரிக்க வந்தபோது ஊர் கரையில் கூடியது. முத்துநாயகம் வெள்ளை வேட்டியில் வந்தார். "பொழி முறிச்சும் மீன் செத்துதுன்னா, அது தெய்வகோபமாக்கும்" என்றார். அவரிடம் வேலை செய்கிற பெண்கள் தலையைக் குனிந்தார்கள். நேசம்மாளும் அவர்களோடு நின்றாள்.

ராஜையன் முன்னால் வந்தான். "ஏமானே, வெள்ளம் ஏறல்ல. குற்றியை நான் அடிச்சுத் தாத்தினேன். அறுப்பின் பண்டிகை அன்னிக்கு."

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தில் ஒருவன், "அன்னிக்கு நீ பூசணிக்காய்க்கில்லா தொண்டை கிழியக் கத்தினே!" என்றான். கரையெல்லாம் சிரிப்பு. ஓவர்சியர்கூடச் சிரித்தார்.

"எடோ, செத்த வீட்டிலயும் உன் தமாஷா?"

"தமாஷ் இல்ல ஏமானே. கோடு அணைக்கு முந்தின கோடு. கோட்டை மாத்துங்க, குழியைக் குறையுங்க. என்னைச் செயில்ல போடுங்க."

சிரிப்பு இன்னும் கூடியது. சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் மரியான். மற்றவள் நேசம்மாள். பூசணிக்காய் எதற்கு என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தாழங்காட்டில் கண்டதை மரியான் சொல்லியிருந்ததால், மீன் எங்கே போயிற்று என்பதும் சேர்ந்தே புரிந்திருக்க வேண்டும். இரவு சோறு போடும்போது, "பூனை செத்துப் போச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவன், "குட்டி ரெண்டும்" என்று தலையை ஆட்டினான். அவள் தன் நாறுகிற கையை அவன் முதுகில் வைத்துவிட்டு, உடனே எடுத்துக்கொண்டாள்.

குற்றி தானாகச் சேற்றில் புதைந்துவிட்டது என்று ஓவர்சியர் முடிவு செய்தார். புதுக் குற்றி வந்தது, தேக்கில். பழைய உயரத்தில், பழைய இடத்தில், புதுச் சிவப்பில் கோடு. மீன் இல்லாத காயல் என்று ஆனதால், கிழக்குக் கரையும் தொண்டுக் குத்தகைக்குப் போனது. தாழங்காட்டை வெட்டிக் குழி தோண்டினார்கள். மரியான் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொண்டு சுமக்கப் போனான்.

கோடு தீட்டிய ஆசாரியை ராஜையன்தான் வள்ளத்தில் கொண்டுபோய் விட்டான். "இந்தத் தடவ பாறை தட்டுறது வரை அடிச்சிருக்கு" என்றார் அவர் பெருமையாக. "இனி ஆராலும் அசைக்க முடியாது."

"கொள்ளாம், நல்ல வேலை" என்றான் ராஜையன்.

நடுக்காயலில் வள்ளம் மெதுவாகப் போனது. ஆசாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். "என்னவே, ஓட்டைன்னு கத்துவீர்னு ஊர்ல சொன்னானுவ?"

ராஜையன் கழியைக் கறுப்பில் ஊன்றி எடுத்தான். கத்தவில்லை.

அந்த ஐப்பசியில் தண்ணீர் கோட்டைத் தொடவில்லை. அடுத்த ஐப்பசியிலும் தொடவில்லை.