சரிகம தட்டிய மதியம்

வயலின் வாசிக்க ஒத்துக்கொண்ட பெண் செபராங் ஜெயாவிலிருந்து போனில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணே, ச ரி க ம எல்லாம் எனக்குத் தெரியாது லா. ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவுல படிச்சவ. அஞ்சு கோடு போட்டு வெஸ்டர்ன் நோட்ஸ் அனுப்புங்க. சாயங்காலம் ரிகர்சலுக்குள்ள வரலன்னா நானும் வரல."

மறுநாள் லிட்டில் இந்தியாவில் மேடை. நானே போட்ட மெட்டு. அவள் இல்லையென்றால் நிகழ்ச்சியிலிருந்து அதைத் தூக்கிவிடுவார்கள். "அரை மணி வேலைம்மா" என்றேன். நோட்ஸ் எழுதும் மென்பொருளையே அன்று காலையில்தான் இறக்கினேன் என்று எதற்குச் சொல்வானேன்?

முதலில் மவுஸ். ஒவ்வொரு சுரமாகக் கோட்டில் வைத்தேன். குறி தவறியதில் பாதிச் சுரங்கள் ஒரு கோடு மேலே ஏறி உட்கார்ந்தன. ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த தே தாரிக் டீ ஆறிப்போனது.

கணினியின் எழுத்துகளைத் தட்டினால் வேகமாம். ஏ முதல் ஜி வரை ஏழு சுரம். என் விரல்களோ சின்ன வயதுப் பாட்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தன. ச என்றால் எஸ், ரி என்றால் ஆர் என்று அவை பாட்டுக்குத் தட்டின. அந்த மென்பொருளில் எஸ் தட்டினால் வளைகோடு விழும். ஆர் தட்டினால் முன்னால் எழுதியதே மறுபடி வரும். திரையில் மெட்டு குட்டி போட்டுக்கொண்டே போனது.

"ஏங்க, வைரஸ் ஏறிருச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல, மெட்டு வளருது."

"மூஞ்சியெல்லாம் வேர்க்குதே."

"ஏர்கான் சரியில்ல."

"நீங்க இன்னும் போடவே இல்லையே!"

உருப்படியாகத் தெரிந்த வரிகளை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். பியானோ கீபோர்டைக் கணினியில் சொருகி வாசித்தேன். நான் தடுமாறியது, மூக்கைச் சொறிய நின்றது, எல்லாவற்றையும் அது நேர்மையாக எழுதிவைத்தது. திரை முழுக்க எறும்புக் கூட்டம். கடைசியில் வலது கையால் கட்டையை அழுத்தி, இடது கையால் சுரத்தின் நீளத்துக்கான எண்ணைத் தட்டினேன். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் எஸ், ஆர் ஞாபகம் விரலுக்கு வரவில்லை. ஒருவழியாக முடித்து, சரிபார்க்கக்கூட நிற்காமல் அனுப்பினேன்.

ரிகர்சலில் அவள் அழகாக வாசித்தாள். நடுவில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தாள். ஆர் போட்ட குட்டி ஒன்று அழியாமல் தப்பித்திருந்தது. தபலாக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தலையாட்டினேன்.

"அந்த எடம் சூப்பர் அண்ணே! வேணும்னே ரெண்டு வாட்டி வெச்சீங்களா?" என்றாள் வயலின் பெண்.

"பின்னே? அங்கதானே மனசுல நிக்கும்!"

பின்னால் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மனைவி இருமினாள்.

"அந்த எடத்துலதானே உங்களுக்கு ஏர்கான் சரியில்லாமப் போச்சு?"

மேடையிலும் அதை இரண்டு முறைதான் வாசித்தோம்.