முனிரத்தினம் தூங்கிய ரயில்

கோவிந்தம்மாவின் புருஷன் முனிரத்தினத்துக்குக் கட்டிலில் தூக்கம் வராது. கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸிலிருந்து பெங்களூருக்கு முப்பத்து நாலு வருஷம் ரயிலேறிப் போய் ஃபிட்டர் வேலை பார்த்தவர். போகையில் இரண்டு மணி நேரம், வருகையில் இரண்டு மணி நேரம், ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டு ஏசுபாதத்தின் தோளில் தலையைச் சாய்த்துத்தான் தூங்குவார். வீட்டில் கட்டில் இருந்தது. அதில் துவைத்த துணி இருந்தது.

போன சித்திரையில் அவர் ரிடையர் ஆனார். கூடப் போய்வருகிறவர்கள் ஓடுகிற பெட்டியிலேயே சாமந்தி மாலை போட்டு, கேசரி கொடுத்து அனுப்பினார்கள். அன்றோடு போயிற்று தூக்கம். ஒரு மாதத்தில் கண் இரண்டும் செங்கல் நிறமாகிவிட்டது. டீயில் ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்லா கீது" என்றார். கோவிந்தம்மா பயந்துபோனாள்.

டாக்டர், "இப்படியே போனா படுத்த படுக்கையாயிடுவீங்க" என்றார்.

"அதுக்குத்தான் சார் மாத்திரை கேக்கறேன்" என்றார் முனிரத்தினம்.

மாத்திரைக்குக் கொட்டாவிதான் வந்தது. கோவிந்தம்மா விடுகிற ஆள் இல்லை. வீட்டு பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அவரை உட்கார வைத்து, பெஞ்சைக் குலுக்கினாள். "கட்லேகாய், கட்லேகாய்! மாலூர்! டேக்கல்!" என்று தொண்டை கிழியக் கூவினாள். எதிர்வீட்டுக்காரர்கள் கடலை வாங்க வந்துவிட்டார்கள்.

முனிரத்தினம் கண்ணை மூடியபடியே, "டேக்கல்தான்மே மொதல்ல வரும். இப்படி மாத்தி மாத்தி வுட்டா எங்க தூங்கறது?" என்றார்.

கடைசியில் அவரே போய் ரயில் பாஸ் எடுத்துவிட்டார். மறுநாள் ரயிலேறிப் போய், போன வேகத்தில் திரும்பியும் வந்தார், கண் இன்னும் சிவந்து.

"இன்னாய்யா, தூங்கினியா?"

"எங்க? என் ஜன்னல்ல சுனிதான்னு ஒரு பொண்ணு குந்திக்கினு கீது. எட்டு வருஷம் நின்னுக்கினே வந்த பொண்ணாம்."

அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் ரிடையர் ஆனால் அவர் இடம், நின்று வருகிறவர்களில் மூத்தவருக்கு. மாலை வாங்கியவர் திரும்பி வந்தால் வரிசையில் கடைசி. சட்டம் போட்டது யார்? இதே முனிரத்தினமும் ஏசுபாதமும்தான்.

"எனக்கு எப்ப வரும்னு கேட்டேன். ஏசுபாதம் வெரல வுட்டு எண்ணுறான். தொண்ணூத்து நாலு வயசுல வருமாம். அதுவும் நடு சீட்டு."

கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நாளைக்கு நானும் வர்றேன். ஜன்னல வாங்கி உன் கையில குடுத்துட்டுத்தான் மறு வேல."

பங்காருபேட்டையைத் தாண்டி அவள் ரயிலில் போனதே கிடையாது. பெட்டிக்குள் ஏறினால் கால் வைக்க இடமில்லை. இடித்துக்கொண்டே போய் ஏசுபாதத்தின் முன்னால் நின்றாள்.

"இன்னாண்ணே, எனக்கு மாலை போட்டீங்களா?"

"உனுக்கா? எதுக்குமா?"

"முப்பத்து நாலு வருஷம் நாலு மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டினேனே, அதுக்கு. அதுல பாதி நீங்கதான துன்னீங்க? மாலை போடலன்னா நான் இன்னும் ரிடையர் ஆவல. இந்தப் பெட்டியில எனக்கு மூத்தது யாரு?"

ஏசுபாதம் யோசித்தார். பெட்டியே யோசித்தது. நின்றுகொண்டிருந்த வின்னி என்கிற பையன், "பாயின்ட் கரெக்ட் அண்ணா" என்றான். சுனிதா சிரித்துக்கொண்டே எழுந்து, "குந்துங்கம்மா" என்றாள்.

கோவிந்தம்மா உட்கார்ந்தாள். முகத்தில் காற்று வந்து அடித்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் மறந்துபோனாள். டேக்கல் வந்தது, மலைமேல் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

"எழுந்திரு, நான் குந்தறேன்" என்றார் முனிரத்தினம்.

"இருய்யா, பாறை வருது."

மாலூர் வந்தது. செங்கல் சூளைகள் புகைந்தன. மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா ஒன்று வாங்கிக் கடித்தாள். இத்தனையையும் இந்த மனுஷன் முப்பத்து நாலு வருஷம் பார்க்காமல் தூங்கியே தள்ளியிருக்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இதெல்லாம் இங்க கீதுன்னு ஒரு நாள் சொன்னியாய்யா நீ?" என்று திட்டத் திரும்பினாள்.

முனிரத்தினம் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் வின்னியின் முதுகுப்பை, பின்னால் ஒரு தடித்த ஆள், இரண்டு பக்கமும் யார் யாரோ. சாய இடமில்லாத நெரிசலில் ஆணி அடித்தாற்போல் நின்று குறட்டை விட்டார்.

"எழுப்பட்டுமாம்மா?" என்று கேட்டார் ஏசுபாதம்.

"மூச்சு வுடாத! அடுத்தது இன்னா ஸ்டேஷன், அதச் சொல்லு."

பெங்களூர் வந்ததும் எல்லோருக்கும் வேலைக்கு ஓட அவசரம். மொத்தமாக விலகினால் அவர் விழுந்துவிடுவார். ஏசுபாதமும் வின்னியும் கக்கத்தில் கை கொடுத்து, மெதுவாக மடக்கி ஒரு சீட்டில் சாய்த்துவிட்டுப் போனார்கள். குறட்டை அறுபடவில்லை.

கோவிந்தம்மா பிளாட்பாரத்தில் போன ஒருவரைக் கூப்பிட்டு, இந்த வண்டி திரும்ப சாம்பியன் ரீப்ஸ் போகுமா என்று கேட்டாள். போகும் என்றார்.

சரி என்று எழுந்து, வெயில் படாத பக்கத்து ஜன்னலாகப் பார்த்து மாறி உட்கார்ந்தாள்.