டுடோரியலும் பட்டறையும்

1988 ஜூன் மாதம் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே எங்கள் கணிதத் துறைக்கு நான்கு மணி நேரம் குறைந்துபோனது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த, அரசு உதவி பெறும் கல்லூரி அது. நான் துறைத் தலைவர். பொருளாதாரத் துறையினர் தங்கள் மாணவர்களுக்குக் கணிதத்தை விட்டுவிட்டு வேறொரு துணைப்பாடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். முழுநேர விரிவுரையாளர் ஒருவருக்கு அப்போது வாரம் பதினாறு மணி வகுப்பு இருக்க வேண்டும். விடைத்தாள் திருத்துவது, தேர்வுக்கூடத்தில் நிற்பது, வராத ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்வது, என்.எஸ்.எஸ். முகாம் இவை எதுவும் அந்தப் பதினாறில் சேராது. நாங்கள் நான்கு பேர். அறுபத்து நான்கு மணி இருந்தது. இப்போது அறுபதுதான்.

"அறுபதுன்னா மூணே முக்கால் ஆள் சார்," என்றார் முதல்வர். "முக்கால் ஆளுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?"

அந்த முக்கால் ஆள் வசந்தா. கடைசியாகச் சேர்ந்தவர், பணி இன்னும் உறுதியாகவில்லை. கள்ளிக்குப்பத்தில் வீடு. பாடியில் அவர் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்தது.

விதியில் ஒரு வழி இருந்தது. மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கும் டுடோரியல் வகுப்புகளையும் வேலைப்பளுவில் காட்டலாம். பி.காம். முதலாம் ஆண்டு மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு வாரம் ஒரு மணி டுடோரியல் என்று கால அட்டவணையில் போட்டேன். பேப்பரில் இருந்தால் போதும் என்றார் முதல்வர்.

வசந்தா ஒப்புக்கொள்ளவில்லை. "போட்டா நடத்தணும் சார். நடத்தாத கிளாஸைக் காட்டிச் சம்பளம் வாங்கினா எனக்குச் சோறு இறங்காது."

முதல் வாரம் ஒரு மாணவன்கூட வரவில்லை. காரணம் கேட்க இருவரும் வகுப்புக்குப் போனோம். கடைசி பெஞ்சிலிருந்து தேவராஜ் எழுந்தான். வாயாடி, ஆனால் கெட்டிக்காரன்.

"டுட்டோரியலா? அது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட, பத்தாவது கோட்டு அட்ச்சவன்லாம் போற எடம் மேடம். நாங்க இன்னா ஃபெயிலா?"

பக்கத்துப் பையன் சேர்ந்துகொண்டான். "டுட்டோரியல் போய்கினுகீறேன்னு ஊட்ல சொன்னா, எங்க நைனா செருப்பாலயே அடிப்பாரு மேடம்."

வகுப்பே சிரித்தது. வசந்தாவும் சிரித்தார். சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'கணக்குப் பட்டறை' என்று எழுதினார். "உங்க ஏரியால பட்டறை இல்லாத தெரு உண்டா? அங்க இரும்பு அடிக்கிறாங்க, இங்க கணக்கு அடிக்கப்போறோம். வர்றீங்களா?"

வந்தார்கள். வட்டியும் தள்ளுபடியும் தமிழில் புரிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதப் பழகினார்கள். ஆடிக்காற்றில் கூரைத் தகடு தடதடக்கும் பின்கட்டு அறையில், மதியம் கடைசி மணிக்கு இருபது பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டதை நான் பலமுறை பார்த்தேன். "இன்னா மாமே, பட்டறைக்கு வர்லியா?" என்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரியில் வேலைப்பளுவைச் சரிபார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். நான் வகுப்பில் இருந்தேன். அவர் தனியாகவே வராந்தாவில் நடந்து, எதிரே ஓடிவந்த தேவராஜை நிறுத்தியிருக்கிறார். பிறகு முதல்வர் அறையில் அவரே அதை என்னிடம் ஒப்பித்தார்.

"டுடோரியல் நடக்குதாப்பான்னு கேட்டேன். 'இந்தக் காலேஜ்ல டுட்டோரியல்லாம் கெடையாது சார், நாங்க அல்லாரும் பாஸு'ன்னான். அப்ப இந்த மணியில எங்கப்பா ஓடறேன்னு கேட்டேன். 'பட்டறைக்கு சார், லேட்டாயிடுச்சி'ன்னான். கிளாஸ் நேரத்துல லேத் பட்டறைக்கு அனுப்பிட்டு டுடோரியல்னு கணக்குக் காட்டுறீங்களா?"

அவரைப் பின்கட்டு அறைக்கு அழைத்துப்போனேன். வாசலில் நின்று பார்த்தார். வசந்தா தேவராஜின் நோட்டில் குனிந்து பிழையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி கரும்பலகையில் மேலே எழுதியிருந்த 'கணக்குப் பட்டறை' என்ற தலைப்பைப் படித்தார்.

திரும்பி நடக்கும்போது சொன்னார்: "நல்லாத்தான் நடத்துறாங்க. ஆனா டைம்டேபிள்ல ஒண்ணு இருக்கு, போர்டுல ஒண்ணு இருக்கு, பையன் அப்படி ஒண்ணே இல்லேங்கிறான். பாதி காலேஜ்ல டுடோரியல் பேப்பர்லதான் நடக்குது. உங்களுக்கு விட்டா அவங்களுக்கும் விடணும் சார்."

நான்கு மணி நேரமும் ஏற்கப்படவில்லை. நானும் முதல்வரும் இரண்டு முறை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கே போய் வாதாடினோம், பயனில்லை. அந்தக் கல்வியாண்டோடு வசந்தா விடுவிக்கப்பட்டார்.

ஆணை வந்த அன்று, தேவராஜைக் கூப்பிட்டு அவன் வாய் என்ன செய்தது என்று சொல்லப்போவதாக வசந்தாவிடம் கோபத்தில் சொன்னேன்.

"வேண்டாம் சார்," என்றார். "அவன் பொய் சொல்லலையே. அவனுக்கு அது பட்டறைதான். பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. இதைத் தலையில ஏத்திக்கிட்டா அவன் எப்படிப் படிப்பான்?"

கடைசி நாள் வரை நான்கு குழுவுக்கும் அந்த மணியை நடத்தினார். அந்த ஆண்டு பட்டறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வணிகக் கணிதத்தில் தேறினார்கள். தேவராஜும் தேறினான். ஜூனில் வந்து, "மேடம் எங்க சார்?" என்று கேட்டான். வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றேன்.

கணக்கில் வராத உழைப்பே உயர்ந்தது என்று விடைபெறும் கூட்டங்களில் பேசுகிறார்கள். இளைய ஆசிரியர்களிடம் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. நீங்கள் செய்யும் வேலைக்கு அலுவலகம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதை, உங்களுக்காகச் சாட்சி சொல்லப்போகிற மாணவனுக்கும் சொல்லிவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.